மைலுக்கு மூணு நிமிஷம்

ரெண்டாவது கியர் போடணும்னா மச்சான் தொடையில இடிச்சுத்தான் போடணும், வேற வழியே கிடையாது, 1951ல இந்தக் காரச் செஞ்ச வெள்ளக்காரன் ரெண்டு பேருக்குன்னு செஞ்சானே ஒழிய மூணு வருஷமாப் பேசாத ரெண்டு பேருக்குன்னு செய்யல. இன்பராஜ் இடிச்சான். கொண்டை ஊசி வளைவு, முதல் மைல்கல்லத் தாண்டி இருநூறு அடி, கியர் உள்ள விழுந்துச்சு, கூடவே 'ணங்'குன்னு ஒரு சின்னச் சத்தம், டேஷ்போர்டுல என்னமோ பட்ட மாதிரி. திரும்பிப் பாக்கல. பாத்தா மச்சான் மொகத்தப் பாக்கணும். மன்னிச்சுக்கிடுங்க மச்சான்னு சொல்லலாமா? சொன்னா அது பேச்சாயிடும், பேச்சாயிட்டா பதிலு வரணும், பதிலு வரலைன்னா இந்த ரெண்டடி அகலத்துல தோளோட தோள் ஒரசிக்கிட்டு இன்னும் நாலு மைல் எப்படிப் போறது. வேண்டாம். மூணாவது கியர் போட்டான், அது நேர் மேல, யார் தொடையும் வராது, நல்ல கியர். வண்டி தன் ராகத்துக்கு வந்துச்சு. ம்ம்ம்ம்ம். இதான் இருபது. ஸ்பீடாமீட்டர் மேல இந்தப் போட்டி நடத்துற பழைய கார் கிளப்புக்காரங்க கறுப்பு டேப்ப ஒட்டிட்டாங்க, செல்போன், கைக்கடிகாரம் எல்லாத்தையும் துணிப்பையில போட்டு அரக்கு வச்சு வாங்கிட்டாங்க, வண்டிக்கு ஒரு ஸ்டாப்வாட்சுதான் அனுமதி, ஆனா இன்பராஜ் தொண்டைக்கு யாரும் டேப் ஒட்ட முடியாது. மூணாவது கியர்ல இருபது மைல் வேகத்துல இந்த இஞ்சின் போடுற சத்தம் அவன் மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவுல முப்பது வருஷமாக் குடியிருக்கு. குன்னூர் மார்க்கெட்ல அவன் பேக்கரிக்கு வர்றவங்க வர்க்கி வாங்க வர்றாங்களா, இவன் தாசில்தார் மாதிரி தும்முறதக் கேக்க வர்றாங்களான்னு பொண்டாட்டி ஹெப்சிக்கே சந்தேகம் உண்டு. சாயங்காலம் யாரு மாதிரியாவது ஒரு குரல் பண்ணலைன்னா அவனுக்கு ராத்திரிச் சோறு எறங்காது. அந்த வாய்தான். அந்த வாய்தான் எல்லாத்துக்கும்.

காத்து மூஞ்சில அடிச்சுது. இருபது மைல்னா சிரிப்பாங்க, சைக்கிள்காரன் போவான் அந்த வேகம், ஆனா இதுல குண்டி ரோட்டுக்கு மேல ஒரு சாண்ல இருக்கு, கதவு இடுப்பு வரைக்கும்தான், கையத் தொங்கப் போட்டா தார் ரோட்டத் தடவலாம், ஸ்டியரிங் உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி கிறுகிறுங்குது, ரோட்ல கெடக்குற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல வந்து பேரு சொல்லிட்டுப் போகுது. தைலமர வாசம், அது முடிய ஈரத் தேயில வாசம், அது முடிய யார் வீட்டுலயோ கருவாடு. வேகமாப் போறவனுக்கு இந்தக் கருவாடு கெடைக்குமா. சந்தோஷமா இருந்துச்சு. இருந்துச்சுன்னு தெரிஞ்சதும் பயந்துட்டான், பக்கத்துல ஒரு மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது தோள் இப்படிக் குதிக்கலாமான்னு. பின்னால இருந்து பைக்ல ரெண்டு பயலுவ வந்து ஒட்டுனாப்புல ஓட்டிக்கிட்டு, "அங்கிள், எறங்கித் தள்ளவா?"ன்னான் ஒருத்தன். இன்னொருத்தன், "டேய் சும்மா இருடா, உள்ள சாவி குடுத்துருக்காங்க, முடிஞ்சா நின்னுரும்." மத்த நாளா இருந்தா அந்தப் பய குரல்லயே திருப்பி அடிச்சிருப்பான். இன்னைக்கு வாய மூடிக்கிட்டு ராகத்தப் புடிச்சான். ம்ம்ம்ம். கிளப்பு கர்னல் காலையில கொடிய வச்சுக்கிட்டு நின்னு கத்துனது காதுல: "ஜென்டில்மென்! இதுல ஃபர்ஸ்ட் வர்றவன் லாஸ்ட்டு! மைலுக்கு மூணு நிமிஷம்! ஒரு செகண்டு சீக்கிரம் வந்தா ரெண்டு மார்க்கு கட்டு, லேட்டா வந்தா ஒரு மார்க்குதான்! சக்கரம் மட்டும் நிக்கக் கூடாது!" அஞ்சு மைல், பதினஞ்சு நிமிஷம். அரை நிமிஷத்துக்கு மேல பிசகுச்சுன்னா ஓடுனதாவே எழுத மாட்டாங்க. எழுதலைன்னா ஏழாம் நம்பர் போச்சு. மூணு வருஷம் ஓடாத வண்டிக்கு நம்பர எடுத்துருவாங்க, இது மூணாவது வருஷம். ஏழு மாமா நம்பர். மாமா ஞானசிகாமணி, ஹெப்சியோட அப்பா, எஸ்டேட் ஃபேக்டரியில டீமேக்கரா இருந்து, சீமைக்குக் கெளம்புன மேனேஜர்கிட்ட இந்தப் பச்சக் கார வாங்கி, கிளின்னு பேரு வச்சு, அம்பது வருஷம் இருபது மைலுக்கு மேல ஓட்டாமலே செத்துப் போனவரு. சாகும்போது கிளியில மகனுக்கு ஒரு சீட்டு, மகளுக்கு ஒரு சீட்டுன்னு எழுதி வச்சுட்டுப் போனாரு. எந்தச் சீட்டு யாருக்குன்னு எழுதல. குசும்பு.

மச்சான் பால்துரைக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகிப் பதினேழு நாள், கறுப்புக் கண்ணாடி, ஓட்டக் கூடாது. அதனாலதான் தங்கச்சிகிட்டச் சொல்லி அனுப்பிச்சாரு, "அவர ஓட்டச் சொல்லு, நான் வாட்ச் பாக்கேன்"னு. அவர. பேரு கூடக் கெடையாது, மாப்ளயும் கெடையாது, அவர. வர்ற வியாழக்கிழமை மச்சான் மகளுக்குக் கல்யாணம். கார்டு வந்துச்சு, உறையில 'திருமதி ஹெப்சி' மட்டும். ஹெப்சி அதச் சாமி படத்துக்குப் பக்கத்துல சாத்தி வச்சுட்டு நாலு நாளாப் பாத்துக்கிட்டே இருக்கா. இன்னைக்குக் காலையில ஃபிளாஸ்க்ல காப்பி ஊத்தும்போது அவளாச் சொன்னா: "நீங்க இல்லாம நான் போக மாட்டேன் அத்தான். நான் போகலைன்னா அண்ணன் அப்புறம் என் மொகத்துல முழிக்க மாட்டான். அதனால அஞ்சு மைலும் உங்க வாயக் கொஞ்சம் கட்டி வையுங்க." கட்டித்தான் வச்சிருக்கான். இதுவரைக்கும் மச்சான் பேசுனது ஒரே ஒரு தடவை, முதல் மைல்கல்லுல, ரோட்டப் பாத்துக்கிட்டே: "ஒண்ணு. மூணு செகண்டு முந்தி." அந்த நாலு வார்த்தையத் திருப்பித் திருப்பி உருட்டிப் பாத்தான். முந்தி-ங்கறப்ப குரல் கொஞ்சம் எளகுச்சா? இல்ல, வளைவுல ஒடம்பு சாஞ்சதா? அடுத்த கல்லுல இன்னும் நாலு வார்த்தை வரும். மொத்தம் அஞ்சு கல்லு, இருவது வார்த்தை. இருவது வார்த்தைக்குள்ள ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட எடம் இருக்கான்னு யோசிச்சான். அந்தா வருது ரெண்டாவது கல்லு, சுண்ணாம்பு அடிச்சு, செவப்புல ரெண்டு. வருது. வந்துச்சு. போச்சு.

மச்சான் ஒண்ணும் சொல்லல. காது அடைச்சுக்கிச்சோ? காத்துல போயிருச்சோ? இல்ல கோவமா, தொடையில இடிச்சதுக்கா? ஓரக்கண்ணால கீழ பாத்தான், மச்சான் கையில மாமாவோட பழைய ஸ்டாப்வாட்ச், சின்ன ஆப்பம் கணக்கா இருக்கும், அதோட கண்ணாடிக்குள்ள பெரிய முள்ளு கழண்டு அடியில கெடக்குது. வண்டி இடது பக்கம் சாஞ்சா முள்ளு இடது பக்கம் போகுது, வலது பக்கம் சாஞ்சா வலது பக்கம் வருது, தொட்டில்ல புள்ள பொரளுற மாதிரி. அந்த 'ணங்'. அவன் போட்ட ரெண்டாவது கியரு, மச்சான் தொடை, தொடை மேல கை, கையில வாட்ச், வாட்ச்சு டேஷ்போர்டுல. மச்சான் பெருவெரலு கண்ணாடி மேல மெதுவாத் தடவிக்கிட்டு இருந்துச்சு, தடவுனா முள்ளு எந்திரிச்சு உக்காந்துரும்ங்கற மாதிரி. அறுவது வயசு ஆளு. சொல்லவும் இல்ல, திட்டவும் இல்ல. திட்டியிருந்தா நல்லாருக்குமே. 'ஏல, கண்ணு அவிஞ்சு போச்சா?'ன்னு ஒரு வார்த்தை. மச்சான் குரல்ல அவனே தனக்குள்ள திட்டிப் பாத்துக்கிட்டான், அச்சா இருந்துச்சு, ஆனா நம்ம வாயால நம்மளத் திட்டுனா ஒறைக்க மாட்டேங்குது. இப்ப என்ன ஆச்சு? ரெண்டாவது கல்லுக்கு வந்தது முந்தியா பிந்தியா தெரியாது. ராகம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஏத்தத்துல இஞ்சின் வேற மாதிரி முக்கும், எறக்கத்துல வேற மாதிரி மொனங்கும், வளைவுக்கு வளைவு நாலு செகண்டு, அஞ்சு செகண்டு திருடு போகும். ராகம் வேகத்தச் சொல்லும், நேரத்தச் சொல்லாது. நேரம் சொல்ல ஒரே ஒரு ஆளு இருந்தாரு. அது மட்டும் வேண்டாம். அதத் தவிர எத வேணாலும் யோசி.

பஸ் ஒண்ணு எதுர்ல வந்து ஒதுங்குச்சு, கண்டக்டர் படியில நின்னு ஒரு சல்யூட் அடிச்சான். இன்பராஜ் தலைய ஆட்டுனான். மாமாவும் இப்படித்தான் தலைய ஆட்டுவாரு, ஆட்டிக்கிட்டே பேச்ச விட்ட எடத்துலேர்ந்து தொடங்குவாரு. அதான், யோசிக்காதன்னா அதுதான் வரும். மாமாவுக்கு வாட்ச்சு எதுக்கு? கிளப்புக்காரன் பாக்குறதுக்காகக் கழுத்துல தொங்கவிட்டுக்கிடுவாரு, அவ்வளவுதான். அவருக்கு ஒரு பேச்சு இருந்துச்சு. ஒரு கல்லுல ஆரம்பிச்சா அடுத்த கல்லுல முடியும், மைலுக்கு மைல் அதே பேச்சு, ஒரு சொல்லு மாறாது. கிளியக் கொஞ்சி, முந்துறவனத் திட்டி, வீட்டுக்குப் போய் எலையில என்னென்ன விழும்னு ஒண்ணொண்ணா வரிசையாச் சொல்லி, சரியாக் கல்லுல வந்து 'ஸ்தோத்திரம்!'. நடுவுல ஒரு இருமல். மூணு சின்னது, ஒரு நீளம். ஃபேக்டரியில நாப்பது வருஷம் தேயிலத் தூசி தின்ன நெஞ்சு, அந்த இருமலும் அதே எடத்துலதான் வரும், கோழிக் கொழம்புக்குப் பக்கத்துல. அத இன்பராஜ் மாதிரி யாரும் செய்ய முடியாது. செஞ்சான். மாமாவோட எம்பதாவது பொறந்த நாளு, பாரிஷ் ஹால்ல, மைக்கப் புடிச்சு. நூத்தம்பது பேரு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. மாமாதான் எல்லாருக்கும் மேல சிரிச்சாரு, "ஏ மூதி, என்னையவே உரிச்சு வச்சிருக்கான் பாரு"ன்னு தொடையத் தட்டித் தட்டி. அந்தச் சிரிப்பு இருமலாச்சு. மைக்ல இவன் இருமல், கீழ அவரு இருமல். இவன் நிறுத்துனான், அவரால நிறுத்த முடியல. ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பத்தாவது நாளு வராண்டாவுல மச்சான் நின்னுக்கிட்டு, சத்தமே போடாம, "எங்க அப்பா இருமல்ல கைதட்டு வாங்குன பயதானல நீ"ன்னாரு. அதுதான் கடைசி. அதுக்குப் பொறகு இன்னைக்கு 'ஒண்ணு, மூணு செகண்டு முந்தி.' டாக்டரு சொன்னாரு, நெஞ்சு எப்பவோ கெட்டுப் போச்சு, சிரிச்சாலும் சிரிக்காட்டியும் அவ்வளவுதான்னு. அத இன்பராஜ் ஆயிரம் தடவை டாக்டர் குரல்லயே சொல்லிப் பாத்துருக்கான். டாக்டர் குரல் நல்லா வருது. நம்பிக்கைதான் வர மாட்டேங்குது.

மூணாவது கல்லு போச்சு. மச்சான் அதப் பாக்கக் கூட இல்ல. சரி, மனசுக்குள்ளயே சொல்லிப் பாப்போம், யாருக்குக் கேக்கப் போகுது. ஏ கிளி, பைய, பைய. ஆரு நம்மள வெரட்டுதா. மனசுக்குள்ள மாமா நல்லாத்தான் வந்தாரு, ஆனா மனசுக்குள்ள மூச்சு வாங்க வேண்டாம், எச்சி முழுங்க வேண்டாம், பேச்சு பள்ளத்துல உருளுற தேங்கா மாதிரி ஓடுது, ஊறுகா, பொடிமாஸ், ரசம், மோரு, ஸ்தோத்திரம், முடிஞ்சு போச்சு, கல்லக் காணோம். கல்லக் காணவே காணோம். நாம மெதுவாப் போறோமா, மாமா வேகமா வந்துட்டாரா? மிதிக்கவா? மிதிச்சான், ராகம் ஏறுச்சு, ஐயையோன்னு விட்டான், எறங்குச்சு. சந்தோஷமெல்லாம் எங்க போச்சு, இந்த வேகத்துல போய் ஒருத்தனுக்கு நெஞ்சு இப்படி அடிக்குமா, பயப்படுறதுக்குன்னா ஒரு நூறு மைலாவது வேண்டாமா? ரோட்டோரம் ஒரு செவல நாயி எந்திரிச்சு, கூடவே ஓடி வந்து, மச்சான் பக்கம் மோந்து பாத்துட்டு, சலிச்சுப் போய் முந்திப் போயிருச்சு. தேயிலக்காட்டு வரப்புல கூடையோட நின்ன ஒரு அம்மா கையத் தட்டி, "ஐயா, நாயி ஜெயிக்குது!"ன்னா. யாரும் சிரிக்கல. எதுக்காக இருமல விட்டுட்டுச் சொன்னோம்? மனசுக்குள்ள சொல்லும்போது கூட இருமல் எடத்துல தாண்டித்தான் குதிச்சான், குழியத் தாண்டுற மாதிரி. அந்த இருமல் நாலு செகண்டு. இருமல இருமலைன்னா பேச்சு நொண்டும், நொண்டுனா நேரம் போச்சு, நேரம் போனா நம்பரு போச்சு. அப்பாவையும் இவன்தான் அனுப்பி வச்சான், அப்பா நம்பரையும் இவன்தான் தொலைச்சான்னு மச்சான் சொல்லப் போறதில்ல, சொல்லாமயே எறங்கிப் போயிருவாரு, அதான். அந்தக் கார்டு சாமி படத்துக்குப் பக்கத்துலயே பழுப்பேறிக் கெடக்கும். நாலாவது கல்லு வந்துச்சு. இன்னும் ஒரு மைலு. வாயில சொன்னாத்தான் நேரம் நிக்கும். வாயில சொன்னா மச்சான் எறங்கியே போயிருவாரு. சக்கரம் நிக்கக் கூடாது, ஆனா இருபது மைல் வேகத்துல ஒரு மனுஷன் தாராளமா எறங்கிப் போலாம். கல்லு அவன் முட்டிக்கு நேரா வந்துச்சு. வாய் தொறந்துக்கிச்சு.

"ஏ கிளி. பைய. பைய. ஆரு நம்மள வெரட்டுதா? ஒருத்தனும் வெரட்டல."

பக்கத்துத் தோளு எறுகுச்சு. ஒரசிக்கிட்டு இருந்த எடத்துல பலகை மாதிரி ஆயிடுச்சு. நிறுத்தல, நிறுத்துனா அதுக்கு ஒரு செகண்டு. "முந்துதவன் முந்தட்டும், அவன் வீட்ல சோறு ஆறிப் போச்சு போல. நம்ம வீட்ல ஆறாது. போனவொடன மொதல்ல வெந்நி. வெந்நிக்குப் பொறவு காப்பி. காப்பிக்குப் பொறவு சும்மா ஒரு அரமணி நேரம்." மாமா ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் மூக்கால ஒரு மூச்சு விடுவாரு, விட்டான். ஒரு ஏத்தம், மாமா ஏத்தத்துல பேச்ச இழுப்பாரு, இழுத்தான், இப்பத்தான் தெரிஞ்சுது, அவரு ரோட்டப் பாத்துப் பேசல, ரோட்டத்தான் பேசிக்கிட்டு இருந்துருக்காரு, வளைவுக்கு வளைவு, குழிக்குக் குழி. "வளைவு வருது தாயி. செகண்டு போடுதேன், கோவிச்சுக்கிடாத." ரெண்டாவது கியர். கைய எறக்குனான். இடிக்கல. மச்சான் தொடைய ஒதுக்கி வச்சிருந்தாரு. எப்ப ஒதுக்குனாரு? பாக்கக் கூடாது. "பொறவு எலையப் போடு. எல ஓரத்துல உப்பு. மாங்கா ஊறுகா. வாழக்கா பொடிமாஸ். கண்ணு பட்டுரும், தள்ளி வையி. பருப்பு. பருப்பு மேல நெய்யி, பருப்பே தெரியாத அளவுக்கு நெய்யி. பொறவு அந்தக் கோழிக் கொழம்ப இங்கிட்டுத் தள்ளு. ஈரலு எனக்கு. காலு பால்தொரைக்கு." இதுதான் எடம். தொண்டை அதுவாத் தயாராச்சு, மூணு சின்னது, ஒரு நீளம், முப்பது வருஷப் பழக்கம், நெஞ்சுக்குழி குழிஞ்சு ஏறிக்கிச்சு, ஏறி அங்கயே நின்னு போச்சு. வரல. அவன் நிறுத்தல, அதுவா நின்னுச்சு. ஹாலு, மைக்கு, கீழ மாமா தொடையத் தட்டுன கை அப்படியே நெஞ்சுக்குப் போனது. ஒரு செகண்டு ஓடுது. வண்டி ஓடுது. நேரம் ஓட்டையா ஒழுகுது.

"க்கும்."

பக்கத்துலேர்ந்து. "க்கும். க்கும்." அப்புறம் ஒரு மூச்ச நல்லா உள்ள இழுத்து, கறுப்புக் கண்ணாடிய நேரா ரோட்ல வச்சுக்கிட்டு, நீளமா ஒண்ணு, "க்ஹ்ஹ்ஹூம்ம்ம்." இருமலு சுமாருதான். மாமா நெஞ்சுல இருந்த அந்தச் சருகுச் சத்தம் இல்ல, சங்கீதமும் இல்ல, சும்மா ஒரு பாஸ்டரு பிரசங்கத்துக்கு முந்தி கனைக்கிற மாதிரி. ஆனா எடம் அதே எடம். முடிச்ச கையோட மச்சான் வாய மூடிக்கிட்டாரு, முள்ளு கழண்ட வாட்ச ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. அடுத்த அடி இன்பராஜோடது. வரிசைய விடக் கூடாது. கண்ணு எரிஞ்சுது, காத்துதான், கண்ணாடி இல்லாம ஓட்டுனா காத்துதான். "ஹெப்சிக்கு நெஞ்சுத்துண்டு. மாப்ளைக்குக் கழுத்து. வாய் ஓயாதவனுக்குக் கழுத்துதான், அதயே மென்னுக்கிட்டுக் கெடக்கட்டும்." பலகைத் தோளு ஒரு குலுங்கு குலுங்குச்சு. குழியா? குழி இல்ல, நல்ல ரோடு. "ரசம். ரசத்துக்குப் பொறவு மோரு. மோருக்குப் பொறவு எலைய மடி. உள் பக்கமா மடி. அடுத்த வாரமும் வரணும்லா." கொடி தெரிஞ்சுது, கர்னல் தெரிஞ்சாரு, சாக்பீஸ் கோடு கிளியோட மூக்குக்குக் கீழ வந்துச்சு.

"ஸ்தோத்திரம்!" ரெண்டு பேரு குரலும்.

கோட்டத் தாண்டி ஒரு மரத்தடியில நிறுத்துனான். இஞ்சின அணைச்சதும் காது ரெண்டும் காலியான வீடு மாதிரி ஆச்சு. கர்னல் அட்டையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, "நம்பர் செவன்! அஞ்சு செகண்டு லேட்டு! பியூட்டிஃபுல்!"ன்னு கிளி மூக்குல ஒரு தட்டுத் தட்டிட்டு அடுத்த வண்டிக்குப் போனாரு. ரெண்டு பேரும் எறங்கல. மச்சான் வாட்சச் சட்டைப் பையில போட்டாரு, உள்ள முள்ளு கிலுங்குச்சு. ஹெப்சி குடுத்த ஃபிளாஸ்க்கத் தொறந்து மூடியில காப்பி ஊத்தி, தான் ஒரு வாய் குடிச்சிட்டு, அந்த மூடிய ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல வச்சாரு.

"அஞ்சு செகண்டும் என்னுதுதான். கொஞ்சம் கூட இருமிட்டேன்."

இன்பராஜ் மூடிய எடுத்தான். மிச்சத்த ஒரே மடக்குல குடிச்சான்.

"வியாழக்கெழம பத்து மணிக்கு ஆராதனை," மச்சான் எதுத்த தேயிலக்காட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "மைக்கு பக்கம் மட்டும் போயிராத, மாப்ள."